தூரமும் நேரமும்: தலைமன்னார்த் துறையிலிருந்து ஒரு நோக்கு

அண்மையில் மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றிருந்தோம். புகையிரதப் பாதை முடியும் அவ்விடத்திலே நின்று மேற்கே நோக்கினால் கடலும் வானுமன்றி வேறொன்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. "இக்கடலுக்கு அப்பால், இருபது மைலுக்கும் குறைந்த தொலைவில், இந்தியாவின் கரை இருக்கிறது" என்று கூறினோம். உடனே ஒரு மாணவன், "சேர், அங்கே போக எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று வினவினான். மற்றொருவன் தன் கைப்பேசியை எடுத்துத் தேடலானான். கொழும்பிலிருந்து இலண்டனுக்கும் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் நொடியில் நேரங் கணித்துச் சொல்லும் அக்கருவி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வழி காட்டவில்லை.

வினா சிறிது; ஆயினும் அதற்கு விடை கூறப் புகுந்தபோது, தூரமென்பது என்ன, நேரமென்பது என்ன, ஒன்றிலிருந்து மற்றதை எவ்வாறு அறிவது என்பனவற்றை முதலில் விளக்கவேண்டியதாயிற்று. அன்று துறையிலே நின்று கூறியவற்றை, மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி, இம்மலரிலே சற்று விரித்து எழுத முற்படுகின்றோம்.

நூல் பிடித்து அளத்தல்

வகுப்பறையில் உள்ள பூகோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அந்நூல் கிடக்கும் வழியே அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வழியாகும். கணித நூலார் இதனைப் பெருவட்டத்தின் வில் என்பர். விமானத் தூரம் என்று அட்டவணைகளில் குறிக்கப்படுவது இந்நூலின் நீளமே.

கொழும்புக்கும் சென்னைக்கும் இத்தூரத்தைக் காண்பது மிக எளிது. கட்டுநாயக்கா விமான நிலையம் வட அகலக்கோடு ஏறத்தாழ 7.2 பாகையிலும், சென்னை மீனம்பாக்கம் 13 பாகையிலும் உள்ளன. இரண்டும் ஏறக்குறைய 80 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியே இருப்பதால், ஒன்று மற்றதற்கு நேர் வடக்கு என்றே கொள்ளலாம். அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். ஆகவே 5.8 பாகைக்கு 645 கிலோமீற்றர், அதாவது 400 மைல். எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய இக்கணக்கு, விமான அட்டவணைகள் தரும் எண்ணுக்கு மிக அண்மையில் வந்துவிடுகின்றது. அந்நூலை உருண்டையின்மேற் பிடித்துப் பார்த்தால், அது மன்னார் நகருக்குச் சில மைல் கிழக்கே சென்று பாக்கு நீரிணையைக் கடப்பதைக் காணலாம்.

கிழக்கு மேற்காக வெகுதூரம் விலகிய நகரங்களுக்கு இக்கணக்குப் போதாது. தட்டையான தேசப்படமும் நம்மை ஏமாற்றிவிடும். நம் பழைய மாணவர் பலர் வாழும் கனடாவின் தொறன்ரோ நகரை எடுத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் படத்திலே கொழும்பிலிருந்து தொறன்ரோவுக்கு ஒரு கோடு கீறினால், அது அராபியா, ஆபிரிக்காவின் வடபகுதி, அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்கே செல்லும். உருண்டையில் நூல் பிடித்தாலோ, அது இந்தியாவின் மேற்பாகத்தையும் மத்திய ஆசியாவையும் உருசியாவின் வடகோடியையும் கடந்து, கிறீன்லாந்தின் மேலாகக் கனடாவில் இறங்கும். அந்நூலின் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நம்மவருட் பெரும்பாலோர் அவ்வழியே செல்வதில்லை. வளைகுடா நாட்டு நகரொன்றிலோ இலண்டனிலோ விமானம் மாறிச் செல்வதால், நூலின் நீளத்தைக் காட்டிலும் அவர்கள் பறக்கும் தூரம் கூடுதலாகின்றது.

மணிக்கணக்கு வேறு, மைற்கணக்கு வேறு

தூரம் தெரிந்தபின் வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. தாரை விமானம் மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும். 645 கிலோமீற்றருக்கு நாற்பத்தெட்டு நிமிடமே போதும். ஆனால் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமான அட்டவணை குறிக்கும் நேரமோ ஒரு மணித்தியாலம் இருபது நிமிடத்தை ஒட்டியது. எஞ்சிய அரை மணித்தியாலம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் என்பது விமானம் வானிற் பறக்கும் நேரம் மட்டுமன்று. நிலையத்தில் தரித்திருந்த இடத்தைவிட்டு அது அசைந்த கணம் முதல், சேருமிடத்தில் தரித்து நிற்கும் கணம் வரையும் உள்ள முழு நேரமும் அதில் அடங்கும். ஓடுபாதைவரை உருண்டு செல்வதும், முறை வரும்வரை காத்திருப்பதும் அதனுட் சேரும். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்திற் செல்வதில்லை. குறுகிய பயணத்தில் ஏற்றமும் இறக்கமுமே பெரும்பகுதியாய் அமைய, நடுவே முழு வேகத்திற் பறக்கும் நேரம் சுருங்கிவிடுகின்றது. அன்றியும், விமானங்கள் நூல் பிடித்த கோட்டில் விரும்பியவாறு செல்வதில்லை. வகுக்கப்பட்ட வான்வழிகளில் கட்டுப்பாட்டு நிலையங்களின் ஆணைப்படியே செல்லும்.

நெடும் பயணத்தில் இவற்றினும் மேலாகக் காற்றுக் குறுக்கிடும். நடு அகலக்கோடுகளில், முப்பதாயிரம் அடிக்கு மேல், மேற்கிலிருந்து கிழக்கே பெருவேகமாக ஓடும் காற்று ஆறுகள் உள்ளன. அவற்றின் வேகம் சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீற்றரையும் மிஞ்சும். எதிர்க்காற்றில் விமானம் காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம் குறையாதிருப்பினும், நிலத்தை நோக்க அதன் வேகம் குறையும். பின்காற்றில் அதுவே கூடும். ஆகவே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இலண்டனுக்குக் கொழும்பிலிருந்து போவதைக் காட்டிலும், அங்கிருந்து திரும்பி வருவது பெரும்பாலும் விரைவாக முடிகின்றது. தூரம் ஒன்றே, நேரம் இரண்டு. ஆற்றில் தோணி விட்டவர்க்கு இது புதிதன்று.

இவற்றோடு, விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னரே நிலையத்திற் காத்திருத்தல், குடிவரவு, சுங்கச் சோதனை, வீட்டிலிருந்து நிலையம்வரை செல்லும் வழி ஆகியவற்றையும் கூட்டவேண்டும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எண்ணினால், நாற்பத்தெட்டு நிமிடப் பறப்பு அரை நாளாகிவிடும்.

நமது பிரதேசத்துக்கும் விமானப் பயணத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. இரட்டை விசிறி பூட்டிய டக்கோட்டா விமானங்கள் அந்நாளில் ஓடின. யுத்தக் காலத்தில் பொதுமக்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு மூடுண்டிருந்த பலாலி, 2019 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. பெருந்தொற்றால் 2020 இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றரே. கொழும்பு யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு தூரமோ, சென்னையும் வானவழியில் அதற்குப் பெரிதும் கூடியதன்று.

ஒரு கடல், பல நேரங்கள்

இனி மாணவன் கேட்ட கடலுக்கு வருவோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடியின் முனைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். தாரை விமானம் இதனை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். இரண்டு துறைகளுக்குமிடையே ஓடிய நீராவிக் கப்பல், 22 மைல் வழியை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்திற் கடந்தது. 1966 ஆம் ஆண்டு ஏப்ரலில் மிகிர் சென் என்னும் வங்காள நீச்சல் வீரர் இலங்கைக் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சேர இருபத்தைந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. நமது வல்வெட்டித்துறை தந்த வீரர் ஆனந்தன் 1971 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து நீந்திச் சென்று, கரையில் தங்காது மீண்டும் நீந்தித் திரும்பினார். அதற்கு 51 மணித்தியாலம் எடுத்தது. வேகம் மாற நேரம் மாறும் என்பதற்கு இவற்றினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இதே கடல் பெருங் கப்பலுக்கோ கடக்கவே முடியாத சுவர். ஆதாம் பாலம், இராமர் சேது என்று வழங்கும் மணற்றிட்டுகள் குறுக்கே கிடத்தலால், நீரின் ஆழம் பல இடங்களில் ஆள் உயரத்தையும் எட்டுவதில்லை. பாம்பன் கால்வாய் சிறு கலங்களுக்கே இடங்கொடுக்கும். எனவே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருங் கப்பல், தெற்கே இறங்கி, காலி, தெய்வேந்திரமுனை, மட்டக்களப்பு, திருகோணமலை என்று நமது தீவை முழுவதுஞ் சுற்றியே போகவேண்டும். இச்சுற்றை நீக்கும் பொருட்டு 2005 ஆம் ஆண்டு யூலையில் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கப்பெற்று இடையில் நின்றுபோயிற்று.

தரையிலும் இவ்வாறே. யாழ்ப்பாணத்திலிருந்து தலைமன்னாருக்கு நூல் பிடித்தால் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மைலிற் சொன்னால் நாற்பத்தைந்துக்கும் குறைவு. புகையிரதத்திற் செல்வோர் தெற்கே மதவாச்சிவரை இறங்கி, அங்கிருந்து மன்னார்ப் பாதையில் வடமேற்கே 66 மைல் ஏறவேண்டும். மொத்தம் நூற்றைம்பது மைலுக்கும் மேலாகும். 2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், பூநகரி வழியான தெருப்பயணம் அச்சுற்றைப் பெரிதும் குறைத்துவிட்டது. ஒரு பாலம் கட்டினால் தூரம் சுருங்கும். ஒரு பாலம் இடிந்தால் தூரம் நீளும்.

இரண்டு மணித்தியாலமாக இருந்த காலம்

இக்கடற் பயணத்தின் சரித்திரம் நம் கல்வியின் சரித்திரத்தோடு பின்னிக் கிடப்பது. 1897 ஆம் ஆண்டு சனவரியிற் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேருரையாற்றியபின், இங்கிருந்து கடல்வழியாகவே பாம்பன் சேர்ந்தார். அக்காலத்திற் கொழும்பிலிருந்து சென்னை செல்வோர் தூத்துக்குடிக்குக் கப்பலேறி, அங்கிருந்து புகையிரதத்திற் செல்வர்.

1914 ஆம் ஆண்டு இம்முறை மாறிற்று. அவ்வாண்டு பெப்புருவரியில் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இப்பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறைவரை பாதை போடப்பட்டது. சென்னை எழும்பூரில் மாலையில் ஏறினால், மறுநாட் பிற்பகல் தனுஷ்கோடி, கப்பலில் இரண்டு மணித்தியாலம், அந்திப்பொழுதில் தலைமன்னார், மறுநாட் காலையிற் கொழும்பு. இரண்டு இரவும் இடைப்பட்ட ஒரு பகலுமே முழுப் பயணம். 'போட் மெயில்' என்று முதியோர் இன்றும் வாஞ்சையோடு கூறும் அவ்வண்டியிலேதான், சென்னைக் கல்லூரிகளிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற நம் முன்னோர் பலர் போய்வந்தனர். புத்தகப் பெட்டியும் பனாட்டும் பினாட்டும் ஒடியல் மூட்டையுமாக இத்துறையில் இறங்கி ஏறியோரின் வழிவந்தோர் நம் கல்லூரியிலும் ஆசிரியராய் அமர்ந்தனர்.

எனினும் அந்த இருபது மைல் எல்லாருக்கும் ஒரே தூரமாய் இருந்ததில்லை என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். பாதை போடுவதற்கு முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் தோணியில் வந்திறங்கி, நீரற்ற காட்டு வழியே நூற்றைம்பது மைல் அளவு நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் தாகத்தாலும் வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தங்கிச் சோதிக்கப்பட்டபின்னரே அவர்கள் கப்பலேற விடப்பட்டனர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாத்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்லவேண்டியவராயினர். அவர்களுட் கப்பலேறிய ஆயிரக்கணக்கானோர், தாம் பிறந்து வளர்ந்த மலைநாட்டைவிட்டு இத்துறைக்கே புகையிரதத்தில் வந்து சேர்ந்தனர். மாணவனுக்கு விடுமுறைப் பயணமாய் இருந்த இரண்டு மணித்தியாலம், அவர்களுக்கு மீளாப் பயணமாயிற்று.

அவ்வொப்பந்தம் ஆகி இரண்டு மாதம் நிரம்புமுன், 1964 டிசம்பர் 22 ஆந் திகதி இரவு வீசிய புயலும் அதனோடு எழுந்த கடலும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து அங்கு சென்ற புகைவண்டி பயணிகளோடு கடல் கொண்டது. தலைமன்னார்த் துறைமேடையும் சேதமுற்றது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. கடலில் வழி நீண்டது, நேரமுங் கூடிற்று. 1984 ஆம் ஆண்டோடு அதுவும் நின்றது. அதன்பின் மன்னார்க் கரையிலிருந்து அக்கரை சென்றோர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இருளிற் படகேறியோரே. அவர்களுடைய பயண நேரத்தை எந்த அட்டவணையுங் குறிக்கவில்லை.

மாணவனுக்கு விடை

யுத்தம் முடிந்தபின் மன்னார்ப் பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆந் திகதி தலைமன்னார்த் துறைக்குப் புகையிரதம் வந்தது. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத்தொடங்கி, நின்று, 2024 ஓகத்தில் மறுபடியும் ஓடிற்று. அவ்வழி 60 கடல் மைல். நேரம் நான்கு மணித்தியாலமளவு. இராமேசுவரம் - தலைமன்னார்ச் சேவையை மீண்டும் தொடங்க முயல்வதாக 2023 யூலையில் இரு அரசுகளும் அறிவித்தன. பாம்பனிற் பழைய பாலத்துக்கு அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலிற் திறக்கப்பட்டது. ஆக, அக்கரையிற் பாதை உண்டு. இக்கரையிலும் பாதை உண்டு. இடையில் ஓடிய கப்பலோ நின்று நாற்பது ஆண்டு கடந்துவிட்டது.

ஆகவே நாம் மாணவனுக்குக் கூறிய விடை இது: "தம்பி, 1914 ஆம் ஆண்டில் நீ இங்கே நின்று கேட்டிருந்தால், இரண்டு மணித்தியாலம் என்றிருப்போம். இன்று இராமேசுவரம் போகவேண்டுமாயின், நீ இந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிப் புகையிரதமேறிக் கொழும்புக்குப் போகவேண்டும். அல்லது யாழ்ப்பாணம் திரும்பிப் பலாலியிலோ காங்கேசன்துறையிலோ ஏறவேண்டும். அக்கரையில் இறங்கியபின் மீண்டும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தெருவால் வரவேண்டும். எவ்வழியிற் போயினும் ஒரு பகலில் முடிவது அரிது."

மாணவன் சிறிது நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பின், "அப்படியென்றால் நூறு வருடத்துக்கு முந்தி இந்தியா கிட்ட இருந்ததா, சேர்?" என்றான். நாம் எழுத எண்ணியதை அவனே கூறிவிட்டான். உருண்டையில் நூல் பிடித்து அளக்கும் தூரம் இயற்கை தந்தது, அது மாறுவதில்லை. அத்தூரத்தை எவ்வளவு நேரத்திற் கடக்கலாம் என்பதை எந்திரத்தின் வேகமும், வீசுங் காற்றும், கடலின் ஆழமும், இவற்றுக்கெல்லாம் மேலாக மனிதர் அமைக்கும் பாதையும் துறையும் ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன. அமைப்பன கெட்டால், விமான யுகத்திலும் அயல்வீடு தொலைநாடாகும்.

போட் மெயிலில் இத்துறையைக் கடந்த பழைய மாணவர் ஒருசிலர் இன்னும் நம்மிடையே உளர். எந்த ஆண்டு சென்றார், எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினார், பயணச் சீட்டுக்கு என்ன கொடுத்தார், உடன் வந்தோர் யாவர் என்பனவற்றை அவர்கள் தம் கையால் ஓரிரு பக்கம் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அளிப்பாராயின், பின்வரும் மாணவர்க்கு அது பெருங் கொடையாகும். எழுத இயலாத முதியோரிடத்து மாணவரே சென்று கேட்டெழுதலாம். அத்துறையிலிருந்து மீண்டும் கப்பல் புறப்படும் நாளில், பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட அவ்வேடுகள் நமக்கு உதவும்.